மாவா, மணலா, தண்ணீரா?

போன மே மாத விடுமுறையில் எங்கள் வீட்டில் தினமும் எழுந்த கேள்வி இதுதான்: காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மகனுக்கு 5 வயது, மகளுக்கு 3. சென்னையில் இரண்டாவது மாடி வாடகை வீடு. அந்த நேரத்து வெயிலில் மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மாமியார் கூடவே இருக்கிறார், ஆனால் முட்டி வலியோடு அவர் எவ்வளவு நேரம் பிள்ளைகள் பின்னால் ஓடுவார்?

போனைக் கையில் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. எங்கள் வீட்டிலும் உண்டு, அரை மணி நேரம். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. மால் விளையாட்டுக் கூடத்தில் இரண்டு டிக்கெட், போக வர ஆட்டோ, வெளியே வரும்போது ஆளுக்கொரு ஐஸ்கிரீம் என்று பர்ஸ் காலியாகிவிடும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி அருமையாக இருக்கிறது. ஆனால் வேலை நாளில், நட்டநடு மதியத்தில் நான் எப்படிப் போவது?

ஆகவே வீட்டுக்குள்ளேயே, 100 ரூபாய்க்குள் என்று வரம்பு வைத்துக்கொண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்தேன்: மணல், மாவு, தண்ணீர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தண்ணீர்தான். நான் தண்ணீர்க் கட்சி என்று தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒவ்வொரு நாளும் இரண்டு எண் எழுதி வைத்தேன். எத்தனை நிமிடம் விளையாடினார்கள். அதன்பின் நான் எத்தனை நிமிடம் பெருக்கித் துடைத்தேன். விலை, விரல்களுக்குப் பயிற்சி, கற்பனை என்று பேச நிறைய இருக்கிறது. ஆனால் எடுத்து வைக்க அரை மணி நேரம் பிடிக்கிற சாமானை மூன்றாம் நாளே நாமே பரணில் ஏற்றிவிடுகிறோம். பரணில் இருக்கிற பொருள் எவ்வளவு நல்ல பொருளாக இருந்தால் என்ன?

முதலில் மணல். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்கள். மேஸ்திரியிடம் கேட்டதும், "இது எம்-சாண்ட்மா, கருங்கல்லை உடைச்சு எடுக்கிறது, பிள்ளைங்க கையில குத்தும்" என்று சொல்லிவிட்டு, பூச்சு வேலைக்கு வைத்திருந்த ஆற்று மணலில் அரை மூட்டை கொடுத்தார். காசு வாங்கவில்லை. பழைய பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி, லேசாக ஈரப்படுத்தி, கொட்டாங்குச்சியும் கரண்டியும் போட்டுப் பால்கனியில் வைத்தேன். பிள்ளைகள் 40 நிமிடம் வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலம் கூடத்தில், கட்டிலில், பூஜை அறையில், மகளின் காதுக்குள் என்று எங்கும் மணல். பெருக்கியது 35 நிமிடம். ஈரத் துணியால் துடைத்தால் சேறாக இழுத்துக்கொண்டு வரும், காய்ந்தபின் பெருக்கினால் டைல்ஸ் இடுக்கில் நிற்கும். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுப் பூனை தொட்டிக்குள் தன் வேலையைக் காட்டிவிட்டுப் போனது. மூடி போடாத மணல் தொட்டி எதற்கும் இந்தக் கதிதான். மிச்ச மணல் செடித் தொட்டிகளுக்குப் போயிற்று. மணல் வேண்டுமென்றால் இப்போது ஞாயிறு சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறோம். பெருக்க வேண்டியதில்லை.

மாவு அப்படிச் சட்டென்று தள்ளிவிடக்கூடியது இல்லை. இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைய வேண்டும். நிறத்துக்கு ஒரு உருண்டையில் மஞ்சள்தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு. கடையில் விற்கும் களிமண் டப்பாக்களில் ஆறு நிறம் இருந்தாலும் மூன்று நாளில் எல்லாம் கலந்து ஒரே பழுப்பாகிவிடும். இதில் அந்தக் கவலை இல்லை, புதிதாகப் பிசைந்துகொள்ளலாம். மகன் பழைய முறுக்கு அச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே இடத்தில் 50 நிமிடம். மகள் பூரி தேய்த்து எல்லோருக்கும் பரிமாறுவாள். ஒரு பூரியைத் தின்றும் பார்த்தாள். அவ்வளவு உப்பு நல்லதில்லை, நல்லவேளையாக அவளே முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டாள்.

அத்தைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "சாப்பிடற பொருளைக் கால்ல போட்டு மிதிக்கிறாங்களேம்மா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, எனக்கும் உறுத்தியது. ஆனாலும் என்னைத் தோற்கடித்தது வேறு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் இரண்டாம் நாளே மாவு கசிந்து பிசுபிசுத்து, இன்னும் மைதா தூவச் சொல்லும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். கீழே சிந்திய துணுக்குகளோ கல்லாகக் காய்ந்துவிடும். தோசைக் கரண்டியால்தான் சுரண்ட வேண்டும். சராசரியாக 25 நிமிடம். ஒரு நாள் அவசரத்தில் தாம்பாளத்தோடு குளியலறையில் கழுவிவிட்டேன். மாவு குழாயில் போய்ப் பிடித்துக்கொண்டது. பிளம்பர் 400 ரூபாய் வாங்கினார். 100 ரூபாய் வரம்பு அன்றோடு சிரிப்பாய்ச் சிரித்தது.

இனி தண்ணீர். ஒரு அகலமான பேசின், அதில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கூடவே புனல், டீ வடிகட்டி, மூடியில் துளை போட்ட பாட்டில், காய்ச்சல் மருந்தோடு வந்த டிராப்பர், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. எல்லாம் வீட்டில் கிடந்தவை. முதல் நாள் 60 நிமிடம், பெரும்பாலும் ஊற்றுவதும் நிரப்புவதும்தான். அப்புறம் வைப்பரால் இழுத்துவிட்டு, ஈர உடையை மாற்றினேன், 10 நிமிடம். மிச்சத்தை மே மாத வெயில் பார்த்துக்கொண்டது. இதுதான் என் முழு வாதமும்: தண்ணீர் தன்னைத்தானே எடுத்து வைத்துக்கொள்ளும்.

சலிக்கத் தொடங்கிய நாட்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் போதுமாக இருந்தன. எது மிதக்கும், எது மூழ்கும் என்று ஒரு நாள். தோலோடு மிதந்த ஆரஞ்சு, உரித்துப் போட்டதும் மூழ்கியது. மகன் இன்னொன்றை உரிக்கச் சொல்லி அடம்பிடித்தான். ஐஸ் தட்டில் செம்பருத்தி இதழ்களை வைத்து உறைய விட்டு, அந்தக் கட்டிகளைப் பேசினில் போட்டது இன்னொரு நாள். உப்பு தூவினால் சீக்கிரம் கரைகிறது என்று கண்டுபிடித்ததும் என் உப்பு டப்பா காலியானது.

இவை எல்லாவற்றையும் மிஞ்சியது மஞ்சள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர், இன்னொன்றில் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், கையில் டிராப்பர். மகள் சோடாத் தண்ணீரை ஒவ்வொரு சொட்டாக விட, மஞ்சள் அப்படியே சிவந்தது. மகன் எட்டிப் பார்த்து, "அம்மா, ஆரத்தி!" என்று கத்தினான். சரியாகத்தான் சொன்னான். மஞ்சளில் சோடா, சுண்ணாம்பு மாதிரி காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரம் அல்ல) சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் அந்த வேலையைச் செய்வது சுண்ணாம்பு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், ஆப்ப சோடா போதும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். அன்று மதியம் முழுவதும் சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். சட்டையில் கறைபட்டதே என்று பயப்பட வேண்டாம், துவைத்து நல்ல வெயிலில் போட்டால் மஞ்சள் வெளிறிவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. இரண்டு அங்குலத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடலாம். மாவு விளையாட்டில் எட்டத்தில் உட்கார்ந்து லேப்டாப் பார்க்கலாம். தண்ணீரில் அது முடியாது. அத்தையை நாற்காலியில் அருகே உட்கார வைத்துவிட்டு, நான் கணினியோடு இரண்டடி தள்ளி இருப்பேன். பேசினைக் கவிழ்த்து ஏறி நின்று எட்டிப் பார்ப்பார்கள் என்பதால், கிரில் இல்லாத பால்கனி வேண்டவே வேண்டாம். விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரு வாரம் தேங்கினால் டெங்கு கொசு வளர அது போதும்.

அப்புறம், தண்ணீரை வீணாக்குகிறோமே என்ற குற்ற உணர்வு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, நாங்கள் லாரிக்காகக் குடங்களோடு நின்றதை அத்தை மறக்கவில்லை. "பணத்தைத்தான் தண்ணியா செலவழிப்பாங்க. நீ தண்ணியையே தண்ணியா செலவழிக்கிறியேம்மா" என்றார். பதில் சமையலறையில் இருந்தது. எங்கள் ஆர்ஓ இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் அதைவிட அதிகமாகக் கழிவு நீரை வெளியே தள்ளுகிறது. அதை வாளியில் பிடித்து வைத்துப் பேசினில் ஊற்றுகிறோம். விளையாடி முடித்தபின் அதே தண்ணீரில் பால்கனி கழுவப்படுகிறது. எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை இருந்தால் மட்டும் நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். இப்போது வாளி நிரம்பியதும் "ஏம்மா, பிள்ளைங்களைக் கூப்பிடு" என்று முதல் குரல் கொடுப்பது அத்தைதான்.

இது மாடி வீட்டுக் கணக்கு. கீழ்த்தளத்தில் கொல்லையோடு வீடு இருந்தால் மணல் ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு. பெருக்க வேண்டிய வீடு வாசற்படிக்கு உள்ளேதானே இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே, ஏழு வயதுக்கு மேலே என் அனுபவம் செல்லாது. ஐப்பசி அடைமழையில் சளியோடு இருக்கிற பிள்ளையைப் பேசின் முன்னால் உட்கார வைக்கவும் துணிய மாட்டேன். அதற்காக ஒரு கிலோ மைதாவும் இரண்டு பாக்கெட் உப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். தாம்பாளத்தை இந்த முறை குப்பைத் தொட்டியில் உதறிவிட்டுத்தான் கழுவுவேன்.