பில்லில் 8 ஸ்க்ரூ, அப்பா முதுகில் 6

போன மார்கழியில் அப்பா தண்ணீர்த் தொட்டி கழுவ ஏறி, ஏணியிலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். முதுகெலும்பில் எல்1 என்கிற எலும்பு நொறுங்கிவிட்டது. விலாக்கூடு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடம், விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் முறியுமாம். நரம்பை அழுத்துகிறது, பெல்ட் மட்டும் போதாது, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு ராடால், அதாவது கம்பியால், இணைக்க வேண்டும் என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டோம். ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன், மூன்றாம் நாள் எழுந்து நடந்தார்.

சிக்கல் பில்லில். "டைட்டானியம் ஸ்க்ரூ 8, ராட் 2" என்று ஒரே வரி. ஸ்க்ரூ ஒன்று 14,000 ரூபாய், கம்பெனி பெயர் இல்லை, அளவு இல்லை. அந்தப் பதற்றத்தில் யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? நகையை வைத்துக் கட்டிவிட்டு வந்தோம்.

நான்கு மாதம் கழித்துக் கால் மரத்துப்போகிறது என்று எம்ஆர்ஐ எடுக்கப் போனபோது, அங்கிருந்த தம்பி பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு ஸ்க்ரூ இருக்குண்ணா, எந்தக் கம்பெனி, இம்ப்ளான்ட் கார்டு குடுத்தாங்களா?" என்றார். உள்ளே வைத்த பொருளின் விவரம் இருக்கும் அட்டையாம் அது. ஆறா? நானும் எண்ணினேன். மூன்று ஜோடி, ஆறுதான்.

ஆஸ்பத்திரியில் கேட்டால், இரண்டு சரியாக உட்காரவில்லை, கழற்றிவிட்டோம், பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் அதற்கும் காசு உண்டு என்றார்கள். சரி, ஆபரேஷன் குறிப்பைக் கொடுங்கள் என்றேன். இழுத்தடித்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தது. அதிலும் ஆறுதான், கழற்றியதாக ஒரு சொல்லும் இல்லை.

இதய ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் 2017இல் விலை உச்சவரம்பு வைத்த அரசு முதுகு ஸ்க்ரூவைச் சேர்க்கவில்லை, அதனால் போட்டதுதான் விலை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால் டிஸ்சார்ஜுக்கு முன்பே ஸ்க்ரூ பாக்கெட்டோடு வரும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரை, அது இல்லையென்றால் சப்ளை செய்தவர்களின் பில்லையாவது கேளுங்கள், கம்பெனி, அளவு, லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதற்கான எண்) மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரேயை ஜன்னலோரம் பிடித்து நீங்களே எண்ணுங்கள், படிப்பெல்லாம் தேவையில்லை, மர ஸ்க்ரூ மாதிரியே தெரியும்.

நுகர்வோர் கோர்ட் என்று சொன்னதும் 28,000 திரும்பி வந்தது. ரசீதில் "தள்ளுபடி" என்று எழுதியிருக்கிறார்கள். லாட் எண் இன்னும் வரவில்லை.