பத்து ரிட்டர்ன் போட்ட பிறகு: வருமான வரிக் கணக்கை நாமே தாக்கல் செய்யும் அனுபவம்

2016இல் முதல்முறையாக என் வருமான வரிக் கணக்கை நானே தாக்கல் செய்தேன். 2025 செப்டம்பரில் போட்டது பத்தாவது. நடுவில் அப்பாவின் கணக்கு, தம்பியின் கணக்கு, அத்தையின் கணக்கு எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. ஆபீஸிலும் ஜூன் மாதம் பிறந்தால் “அக்கா, ஒரு டவுட்” என்று நாலு பேராவது வருவார்கள். இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். சம்பளம், பென்ஷன், வட்டி, கொஞ்சம் ஷேர் என்று இருப்பவர்களுக்குத்தான் இது பயன்படும். தொழில் செய்பவர்களின் கணக்கு வேறு மாதிரி.

அதற்கு முன்னால் ஒருவரிடம் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நிறுவனம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16ஐ அனுப்பினால் மறுநாள் ஒரு பிடிஎஃப் வரும். அதைத் திறந்து பார்த்ததே இல்லை. ஒரு வருடம் பழைய சம்பளக் கணக்கில் கிடந்த பணத்தின் சேமிப்பு வட்டி அதில் விட்டுப்போயிருந்தது. அந்தக் கணக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. நம் பணம் எங்கெங்கே இருக்கிறது என்று நமக்குத்தானே தெரியும் என்று தோன்றியது அப்போதுதான்.

“ஃபார்ம் 16 கையில் இருக்கே, அதை அப்படியே போட்டால் போதாதா?” அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். போதாது. நிறுவனம் ஜூன் 15க்குள் தர வேண்டிய அந்தத் தாளில் அந்த நிறுவனம் கொடுத்த சம்பளமும் பிடித்த வரியும்தான் இருக்கும். எஃப்டி வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி, டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் விற்றது எதையும் நாம் சொல்லாமல் அதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வரித்துறைக்கு அவை தெரியும். 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்ற ஆண்டு விவர அறிக்கையில் வங்கி, பங்கு வர்த்தகம், ஃபண்ட் எல்லாம் பான் எண்ணோடு வரிசையாக நிற்கும். பிடிஎஃப் ஆக இறக்கினால் பாஸ்வேர்ட் கேட்கும்: பான் எண் சின்ன எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். வருடத்துக்கு இரண்டு பேராவது இந்த பாஸ்வேர்டுக்காக என்னைக் கூப்பிடுவார்கள்.

இப்போதெல்லாம் நான் செய்வது இதுதான். படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஃபார்ம் 16, 26ஏஎஸ் (நம் பெயரில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல்), ஏஐஎஸ், ஒவ்வொரு வங்கியின் வட்டிச் சான்றிதழ், இவ்வளவையும் மேசையில் பரப்பிக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் கூட்டுவேன். படிவம் நிரப்புவது அரை மணி நேர வேலை. இந்த ஒப்பிடும் வேலைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளும். வரித்துறையின் இணையதளமே முன்கூட்டி நிரப்பித் தரும் எண்களை நம்பி ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. அங்கே ஏதாவது விட்டுப்போனால் பொறுப்பு கையெழுத்துப் போடுகிற நமக்குத்தான். ஏஐஎஸ்ஸில் தவறாக ஏறியிருந்தாலும் பயப்பட வேண்டாம். அந்தப் பதிவுக்குப் பக்கத்திலேயே ‘இது என்னுடையது அல்ல’, ‘இரண்டு முறை வந்திருக்கிறது’ என்று கருத்துச் சொல்ல வழி இருக்கிறது.

அப்பாவின் கணக்கில்தான் நான் நிறையக் கற்றேன். ஓய்வு பெற்ற ஆசிரியர். 2024 ஜூலையில் அவருடைய ஏஐஎஸ்ஸைத் திறந்தபோது ஒரு வங்கியிலிருந்து வட்டி 61 ஆயிரத்துச் சொச்சம், அதில் வங்கியே பிடித்துக்கொண்ட வரி, அதாவது டிடிஎஸ், 6,100 சொச்சம் என்று இருந்தது. அப்பா பாஸ்புக்கை எடுத்து வந்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். வட்டி வரவாக ஒரு ரூபாய்கூட இல்லை.

“காசே கைக்கு வரலையேம்மா, அதுக்கு எதுக்கு வரி?”

அவர் போட்டிருந்தது 8 லட்ச ரூபாய், ஐந்து வருடம், 7.5 சதவீதம், வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போகும் வகை. பணம் முதிர்வில்தான் வரும். ஆனால் வங்கி ஒவ்வொரு வருடமும் சேர்ந்த வட்டியைக் கணக்கிட்டு, வரியைப் பிடித்து, துறைக்கும் சொல்லிவிடுகிறது. வருடா வருடம் காட்டிவிடுவதுதான் நல்லது என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி வருடத்தில் மொத்தமாகக் காட்டினால் ஏறக்குறைய 3.6 லட்சம் வட்டி ஒரே வருடத்தின் தலையில் விழும். பிடித்த வரியோ ஐந்து வருடங்களில் சிதறிக் கிடக்கும். 2024இல் போட்ட அந்தக் கணக்கில் பென்ஷனும் வட்டியும் சேர்ந்தே புதிய முறையில் (கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு) வரி வரவில்லை. பிடித்ததெல்லாம் ரீஃபண்டாகத் திரும்பியது. அடுத்த நிதியாண்டில் ஏப்ரல் முதல் வாரமே, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதித் தரும் 15எச் படிவத்தைக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு பிடித்தமே இல்லை. மொத்த வருமானத்துக்கு வரி வராத மூத்த குடிமக்கள் எல்லோரும் இதைச் செய்யலாம். வருடா வருடம் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

தம்பி விஷயம் வேறு. 2024 அக்டோபரில் வேலை மாறினான். முதல் கம்பெனியில் மாதம் 70,000 வீதம் ஆறு மாதம், 4.2 லட்சம். இரண்டாவதில் மீதி ஆறு மாதத்துக்கு 5 லட்சம். “ரெண்டு கம்பெனியிலும் ஃபார்ம் 16 கொடுத்துட்டாங்க அக்கா, அப்புறம் என்ன கட்டணும்?” என்றான். முதல் கம்பெனி வருடம் முழுவதும் அங்கேயே இருப்பான் என்று நினைத்து ஆறு மாதத்தில் 13,780 பிடித்திருந்தது. இரண்டாவது கம்பெனியிடம் பழைய சம்பளத்தை அவன் சொல்லவே இல்லை. அவர்கள் கணக்கில் அவன் 5 லட்சம் வாங்குகிறவன். குறைந்த வருமானக்காரர்களுக்கு வரியையே தள்ளிவிடும் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000ஐயும் இருவரும் தனித்தனியாகக் கழித்திருந்தார்கள். சேர்த்துப் போட்டால் மொத்தம் 9.2 லட்சம், கழிவு ஒரே ஒரு முறை, வரிக்குரியது 8.45 லட்சம், வரி செஸ்ஸோடு (வரியின் மேல் 4 சதவீதம்) 35,880. மீதி 22,100. பாக்கி 10,000ஐத் தாண்டியதால் மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி வேறு. வேலை மாறினால் சேர்ந்த அன்றே முந்தைய சம்பள விவரத்தைப் புது இடத்தில் கொடுத்துவிட்டால் இந்தத் தொகை மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்திருக்கும்.

அந்த 22,100ஐக் கட்டும்போது இன்னொரு இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சம்பாதித்தது நிதியாண்டு 2024-25. அதற்கான மதிப்பீட்டு ஆண்டு 2025-26. சலானில் மதிப்பீட்டு ஆண்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வருடம் நான் மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டேன். பணம் போய்விட்டது, ஆனால் ரிட்டர்னில் ஏறவில்லை. திருத்த வழி இருந்ததால் சரியானது, என்றாலும் அந்த நாட்களில் தூக்கம் வரவில்லை. நல்ல செய்தி, 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்த இரண்டு ஆண்டுக் குழப்பம் போய் ‘வரி ஆண்டு’ என்ற ஒரே பெயர் வருகிறது. இதற்காகவே அந்தச் சட்டத்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

பழைய முறையா, புதிய முறையா? யாருக்கும் பொதுவாகப் பதில் சொல்ல மாட்டேன். 2023-24 நிதியாண்டிலிருந்து புதியதுதான் இயல்பாக வரும். பழையது வேண்டுமென்றால் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், பிபிஎஃப், காப்பீடு போன்ற சேமிப்புக்கான 80சி கழிவு 1.5 லட்சம், அதற்கு மேல் வாடகைப்படி என்று எல்லாம் இருப்பவருக்குப் பழையது இன்னும் லாபமாக இருக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்க்கத் தளத்திலேயே கணிப்பான் இருக்கிறது. பத்து நிமிடம்தான். ஆனால் பழைய முறையில் 2025இல் பாலிசி எண், பிபிஎஃப் கணக்கு எண் வரை கேட்டார்கள். ‘ஏதோ ஒன்றரை லட்சம்’ என்று போட்டுவிட்டுப் போகிற காலம் முடிந்தது. அது நல்லதுதான்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது. “12 லட்சம் வரை வரி இல்லையே, இனிமேல் ரிட்டர்னே வேண்டாமா?” 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராததற்குக் காரணம் தள்ளுபடி. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவோடு 12.75 லட்சம். ஆனால் வரியில்லா வரம்பு 4 லட்சம்தான். அதைத் தாண்டினால் வரி பூஜ்யமாக இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். இன்னொன்று, பங்கு விற்ற லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. 9 லட்சம் சம்பளம் வாங்குகிறவர் ஒரு வருடத்துக்குள் வாங்கி விற்ற பங்கில் 50,000 லாபம் பார்த்தால் அதற்கு 20 சதவீதமும் செஸ்ஸும், 10,400 கட்ட வேண்டும். ஷேர் ஆப் வைத்திருக்கும் இளம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் குறுகிய கால லாபம் இருந்தால் ஐடிஆர்-1 என்ற எளிய படிவம் ஆகாது, ஐடிஆர்-2 படிவம் போட வேண்டும்.

அத்தைக்கு வருவது குடும்பப் பென்ஷன். மாமா இறந்த பிறகு வருவது. இதைச் சம்பளத் தலைப்பில் போட்டு நிலைக்கழிவு எடுத்துவிடுகிறார்கள், தவறு. இறந்தவரின் வாரிசுக்கு வருவது ‘பிற வருமானம்’. அங்கே தனியாக ஒரு கழிவு உண்டு: மூன்றில் ஒரு பங்கு அல்லது ஒரு உச்சத் தொகை, இரண்டில் எது குறைவோ அது. அந்த உச்சம் பழைய முறையில் 15,000, புதிய முறையில் 2024-25 முதல் 25,000.

தாக்கல் செய்து முடித்ததும் எல்லாம் முடிந்துவிடாது. 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு செய்யாவிட்டால் போட்டதே போடாததாகிவிடும். 2022 ஆகஸ்டுக்கு முன் 120 நாள் இருந்தது. அந்தப் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சக ஊழியர் தவறவிட்டார். ஆதார் ஓடிபி வந்தால் ஒரு நிமிட வேலை. அத்தை வேறு ஊரில் இருக்கிறார், அவருடைய போனுக்குத்தான் எண் வரும். நான் போனில் பிடித்துக்கொண்டே இருப்பேன், அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு “மூணு... எட்டு... இது ஒண்ணா ஏழான்னு தெரியலையே” என்று படிப்பார். இரண்டு முறை நேரம் முடிந்து, மூன்றாவது முறை சரியாக வரும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்: நான் போன் செய்து கேட்கும்போது தவிர வேறு யார் ‘ரீஃபண்ட் வந்திருக்கிறது’ என்று கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது.

ரீஃபண்ட் வர வங்கிக் கணக்கு வரித்துறைத் தளத்தில் முன்சரிபார்ப்பு ஆகியிருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றோடு ஒன்று இணைந்தபோது வங்கிக் கிளைகளின் அடையாளமான ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறின. அப்பாவின் கணக்கும் அதில் ஒன்று. பழைய எண்ணோடு கிடந்ததால் ஒரு முறை ரீஃபண்ட் திரும்பிப் போனது. புது எண்ணைச் சரிபார்த்து, மறுபடி அனுப்பக் கோரிக்கை கொடுத்துத்தான் வாங்கினோம். ரீஃபண்டோடு வரும் வட்டி அடுத்த வருடக் கணக்கில் வருமானம். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோபமாக ஒன்று சொல்ல வேண்டும். “பிடித்த வரியில் முக்கால்வாசியைத் திரும்ப வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்” என்று ஆபீஸ் ஆபீஸாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டாத பாலிசி, கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத வாடகை எல்லாவற்றையும் போட்டு ரீஃபண்ட் எடுத்துத் தருவார்கள். 2025 ஜூலை 14 அன்று இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளுக்காக வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. நோட்டீஸ் வரும்போது கமிஷன் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். ஏற்கெனவே அப்படிப் போட்டுவிட்டவர்கள், காத்திருக்காமல் திருத்திய ரிட்டர்னோ, காலம் கடந்திருந்தால் ஐடிஆர்-யூ என்ற புதுப்பித்த ரிட்டர்னோ போட்டுக் கட்டிவிடுங்கள். ஐடிஆர்-யூவுக்கு இப்போது நான்கு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. தாமதமாகத் தாமதமாகக் கூடுதல் வரி ஏறும்.

கடைசித் தேதி பொதுவாக ஜூலை 31. 2025இல் நீட்டித்து நீட்டித்து செப்டம்பர் 16 வரை வந்தது. தவறினால் 5,000 ரூபாய் கட்டணம், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. நீட்டிப்பை நம்பி நான் இருப்பதில்லை. ஜூன் கடைசியில் காகிதம் சேர்ப்பேன், ஜூலை நடுவில் போட்டுவிட முயல்வேன். 2025இல் படிவங்களே தாமதமாக வந்ததால் தள்ளிப்போனது.

அப்பா இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். ஒவ்வொரு எஃப்டிக்கும் ஒரு பக்கம்: போட்ட தேதி, தொகை, வட்டி விகிதம், முதிர்வு தேதி. போன மாதம் பார்த்தபோது ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் கிழித்திருந்தார். தலைப்பில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘கைக்கு வராத வட்டி’.