விதை எண்ணெய்க்கு மாறிய பின்: கொலஸ்ட்ரால் இறங்கியது, எடை இறங்கவில்லை

நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த எண்ணெயையும் வெண்ணெயையும் பெருமளவு குறைத்துக்கொண்டு, விதை எண்ணெய்களில் சமைக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு (ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) 160ஐ ஒட்டி நின்றதும், மாத்திரைக்கு முன் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னதும்தான் காரணம். கொலஸ்ட்ரால் குறைந்தால் உடல் பருமனும் கூடவே குறையும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிய சில மாதங்களில் எடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். 140க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது; பின்னர் எடுத்தவற்றிலும் ஏறத்தாழ அங்கேயே நிற்கிறது. இதில் வியப்பில்லை. இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது அவற்றின் செயல்பாடு மந்தமாகிறது, அதன் இடத்தில் லினோலெயிக் அமிலம் போன்ற நிறைவுறாக் கொழுப்பு வரும்போது மீண்டும் சுறுசுறுப்படைகிறது. இந்த ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பாட்டிலின் முகப்பில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுவது மட்டும் இன்றும் எரிச்சலூட்டுகிறது. தாவர எண்ணெய் எதிலுமே சொல்லிக்கொள்ளும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. பின்பக்க அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்: சூரியகாந்தியில் அது நூற்றுக்குச் சுமார் 11, பாமாயிலில் ஏறத்தாழ 50, முகப்பிலோ இரண்டுக்கும் ஒரே வாசகம்.

எடைக்கு வருவோம். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. அதனால் எண்ணெயை மாற்றியதால் மட்டும் எடைமுள் அசையவில்லை. பாட்டிலைச் சாய்த்து நேராக வாணலியில் ஊற்றும்போது, ஒரு கரண்டி என்று கண் நினைப்பது அளந்து பார்த்தால் இரண்டரை வரை போகிறது. இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் கையை இன்னும் தாராளமாக்குகிறது. அன்றன்றைக்குரிய எண்ணெயைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்து, அதற்கு மேல் பாட்டிலைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்ட பிறகே இடுப்புச் சுற்றளவு குறையத் தொடங்கியது. ஆயினும் எண்ணெயின் வகைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2014இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வொன்றில், இளம் வயதினர் இரு பிரிவாகப் பாமாயிலிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் செய்த கேக்குகளை 7 வாரம் கூடுதலாக உண்டார்கள். எடை இரு பிரிவினருக்கும் ஒரே அளவில், சுமார் 1.6 கிலோ ஏறியது, ஆனால் கல்லீரலிலும் வயிற்றின் உட்பகுதியிலும் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்தது பாமாயில் பிரிவினருக்குத்தான்.

மற்ற எண்ணெய்களில் எனக்கு மிகவும் ஒத்துவந்தது நல்லெண்ணெய். ஒலெயிக், லினோலெயிக் என்ற இரண்டு நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் அதில் ஏறத்தாழ சம அளவில் இருப்பதோடு, மணம் தூக்கலாக இருப்பதால் குறைவாக ஊற்றினாலே போதுமானதாக இருக்கிறது. ஒமேகா 3 மிகுந்த ஆளிவிதை எண்ணெயை அடுப்பில் ஏற்றக் கூடாது. திறந்த பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே விட்டுவைத்தால் சில வாரங்களில் கசப்பும் பெயின்ட் வாடையும் வந்துவிடும். (ஓவியர்கள் வண்ணம் குழைப்பதும் இதே எண்ணெயில்தான், காற்றுப்பட்டு இறுகும் குணம் அவர்களுக்கு வரம், நமக்குத் தொல்லை.) பொரித்து மிஞ்சிய சூரியகாந்தி எண்ணெயை மறுபடி காய்ச்சுவதில்லை; லினோலெயிக் அமிலம் மிகுந்த எண்ணெய், சூட்டில் விரைவாகச் சிதைந்து ஆல்டிஹைடுகள் என்னும் தீங்கான வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது.

விதை எண்ணெய் உடலில் அழற்சியைக் கிளப்பும் என்ற குற்றச்சாட்டை இப்போது அடிக்கடி கேட்கிறோம். லினோலெயிக் அமிலத்தைக் கூட்டி உண்ணக் கொடுத்துச் செய்த மனித ஆய்வுகளில் அழற்சிக் குறியீடுகள் உயர்ந்ததாகப் பொதுவாகத் தெரியவில்லை. இதைவிட வலுவான எதிர்வாதம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஆய்விலிருந்து வருகிறது: 1968 முதல் 1973 வரை மக்காச்சோள எண்ணெயைக் கொடுத்து நடத்திய அந்த ஆய்வில் கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் இறப்பு குறையவில்லை என்று 2016இல் வெளியான மறு ஆய்வு காட்டியது. மறுபுறம், நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகப் பன்மநிறைவுறாக் கொழுப்பை (லினோலெயிக் அமிலம் இந்த வகைதான்) கொடுத்த முக்கியமான சோதனைகளைத் தொகுத்து, இதய நோய் சுமார் 30 விழுக்காடு குறைந்தது என்று அமெரிக்க இதயக் கழகம் 2017இல் அறிவித்தது. இரண்டையும் படித்த பிறகும் நான் விதை எண்ணெயிலேயே தொடர்கிறேன். எனக்கு இறங்கிய இருபது புள்ளிகள், பரம்பரையாகவே எல்.டி.எல். மிகுந்தவர்களுக்கும் ஏற்கெனவே இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும் போதாது. அவர்கள் எண்ணெயை நம்பி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.