பஞ்ச் பேட்: பிடிக்கிறவன் கணக்கு

பஞ்ச் பேட் என்றால் குத்துச்சண்டைப் பயிற்சியில் எதிரே நிற்பவர் கையில் மாட்டிக்கொண்டு குத்துகளை வாங்குகிற மெத்தை. 2022 ஆடியில் முதல் ஜோடி வாங்கினேன். ரெக்சின் மேல்தோல், உள்ளே ஸ்பாஞ்ச், லேசாக வளைந்த வகை, 1,400 ரூபாய். பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் வாரம் நாலு நாள் காலையில் நானும் மச்சானும். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, அப்புறம் ஆள் மாற்றி.

கடையில், பேட் எவ்வளவு அடி தாங்கும் என்றுதான் கேட்டேன். பிடிக்கிறவன் கை எவ்வளவு தாங்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. முதல் மாதமே முழங்கையில் வெளிப்பக்கம் வலி, டீ கிளாஸைத் தூக்கினால் சுருக்கென்றது. தப்பு பேட்டில் இல்லை. கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு அடியை வாங்கினேன். முழங்கை மடங்கியே இருக்க வேண்டும். குத்து வந்து விழும் நொடியில் பேட்டை நாலு விரற்கடை முன்னே கொடுத்துத் தட்ட வேண்டும். சின்ன வயதில் சிலம்பம் சொல்லித் தந்த ஆசான், "கம்பு வரட்டும்னு நிக்காதலே, நீ போயி வாங்கு" என்பார். முப்பது வயதில்தான் புரிந்தது!

இன்னொன்று, பேட்டை அகலமாக விரித்துப் பிடிக்கிற பழக்கம். தலை இல்லாத இடத்தில் குத்தத்தான் மச்சானைப் பழக்கியிருந்தேன். இப்போது ஜாப், கிராஸ் என்கிற நேர்க்குத்துகளுக்கு என் முகத்தருகே, ஹூக் என்கிற பக்கவாட்டுக் குத்துக்கு உள்ளங்கையை உள்நோக்கித் திருப்பி, அப்பர்கட் என்கிற கீழிருந்து மேலே வரும் குத்துக்குத் தரையைப் பார்க்க.

உதை மட்டும் வேண்டாம். ஒரு நாள் விளையாட்டாக மச்சான் காலைச் சுழற்றினான், என் கட்டைவிரல் பிசகி பத்து நாள் பைக் ஓட்டவில்லை. உதைக்கு முன்னங்கை முழுக்க மறைக்கிற தாய்லாந்து பாணி பேட்தான் சரி.

எட்டாம் மாதம் விரல் நுழைக்கிற உறை கிழிந்தது. வண்ணார்பேட்டையில் செருப்பு தைக்கிறவர் மெழுகு நூலில் 60 ரூபாய்க்குத் தைத்தார். கம்பெனித் தையலைவிட அது உழைத்தது. வியர்வை நாற்றம் போகட்டும் என்று அக்னி நட்சத்திர வெயிலில் காயப்போட்டதில் ரெக்சின் வெடித்தது. நிழலில் காற்றாடப் போட்டாலே போதும். சாரல் காற்றடிக்கிற மாதங்களில் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மச்சான் வீட்டுக் கீழ்த்தளத்தில் அந்த ஜோடி பையோடு முங்கியது. மூன்று வாரம் காயவைத்தும் ஸ்பாஞ்ச் கட்டி தட்டிப்போனது.

இப்போது தோல் பேட், 2,600 ரூபாய், அளவில் சின்னது. சத்தம் பிரமாதம், தெரு முனை வரை கேட்கும். ஆனால் கனம் கூடுதல். ஆறாவது ரவுண்டில் தோள்பட்டை கெஞ்சுகிறது. மெத்தை மெலிசு என்பதால் மச்சானின் நேர்க்குத்து உள்ளங்கை வரை தெரிகிறது. குறி பார்த்து அடிக்கப் பழகியவனுக்குச் சரி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய, தடித்த ரெக்சினே வாங்குங்கள், குறி தப்பினாலும் பிடிக்கிறவர் மணிக்கட்டு தப்பும். வாங்கும்போது அடித்துப் பார்க்காதீர்கள், மாட்டிக்கொண்டு யாரையாவது அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய ஜோடி மாடித் தொட்டி ஓரம் கிடக்கிறது. சேற்று வாடை இன்னும் போகவில்லை.