அணுப் பொறியியல் மேற்படிப்பு: டிரெய்னிங் ஸ்கூலா, எம்.டெக்கா, வெளிநாடா?

களியக்காவிளையில் எங்கள் தெருவில் ஒரு பெண் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறாள். போன வாரம் வந்து, "அண்ணா, நியூக்ளியர் எம்.டெக் எங்கே சேர்ந்தால் நல்லது?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் துறை தூரத்து விஷயம் இல்லை. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து மோனசைட் என்ற கனிமத்தைப் பிரிக்கிறார்கள். அதில் அணு எரிபொருளாக மாற்றக்கூடிய தோரியம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் சவறையிலும் அதே மணல்தான். கூடங்குளம் எண்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது, 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டுகிறார்கள். அவள் கேட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் எந்தக் கல்லூரி என்பதற்கு முன்னால் அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வேலை கொடுப்பவர் யார்?

இதுவரைக்கும் இந்தியாவில் அது அணுசக்தித் துறையும் அதன் கீழுள்ள அணுமின் கழகமும்தான். இவர்கள் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல் என்று அடிப்படைப் பட்டத்தின் பிரிவு பார்த்தே ஆள் எடுக்கிறார்கள். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் அணுப் பொறியியலுக்கென்று தனித் தாளே கிடையாது. பட்டத்தில் 'நியூக்ளியர்' என்ற சொல் இருந்தால் கதவு திறக்கும் என்று நம்பித்தான் பல வீடுகளில் கடன் வாங்குகிறார்கள். கதவு அப்படித் திறப்பதில்லை.

அதனால் என் கணக்கில் முதலிடம் மும்பை டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டிரெய்னிங் ஸ்கூலுக்கு. 1957-ல் தொடங்கியது. பி.இ. முடித்தவர்களையும் எம்.எஸ்.சி. முடித்தவர்களையும் எடுத்து, ஒரு வருடம் உலை இயற்பியல், வெப்பப் பரிமாற்றம், கதிரியக்கப் பாதுகாப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்து, தேறியவர்களை விஞ்ஞான அதிகாரியாக வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். படிக்கும் காலத்தில் நாம் கட்டணம் கட்டுவதில்லை, அவர்கள் மாதாமாதம் ஸ்டைபெண்ட் தருகிறார்கள். அதன்மேல் ஒரு வருடம் புராஜெக்ட் செய்தால் அணுசக்தித் துறையின் பல்கலைக்கழகமான ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் எம்.டெக். பட்டமும் வாங்கலாம். அதாவது அந்தப் பெண் கேட்ட அதே பட்டம், வேலையோடு சேர்ந்து வருகிறது.

இந்த டிரெய்னிங் ஸ்கூல் கல்பாக்கத்திலும் உண்டு. கல்பாக்கம் என்றால் எனக்குத் தனிப் பாசம். அங்கே காமினி என்று ஒரு சின்ன ஆராய்ச்சி உலை இருக்கிறது, 30 கிலோவாட்தான். ஆனால் அதில் எரிவது தோரியத்திலிருந்து ஆக்கிய யுரேனியம்-233. நாம் கால் வைத்து நடக்கிற மணலில் இருக்கும் பொருள் என்னவாக மாறும் என்பதை அங்கேதான் பார்க்க முடியும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று அங்கே வேலை பார்க்க வேண்டும் என்று நான் மனசார ஆசைப்படுகிறேன்.

சிரமங்களும் இருக்கின்றன. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26. எழுத்துத் தேர்வையோ கேட் மதிப்பெண்ணையோ வைத்து அழைத்தாலும், முடிவு செய்வது நேர்காணல். நமக்குப் பிடித்த பாடத்தைக் கேட்டுவிட்டு, அதிலேயே அடிவரைக்கும் தோண்டுவார்கள். சேர்ந்தபின் மூன்று வருடம் வேலை செய்வதாக பாண்ட் எழுதித்தர வேண்டும். டிராம்பேயா, கல்பாக்கமா, இந்தூரா என்பது நம் கையில் இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் அணுமின் கழகத்தின் பயிற்சிப் பொறியாளர் வேலை உண்டு, கேட் மதிப்பெண் வைத்து எடுக்கிறார்கள். ஆனால் அங்கேயும் கூடங்குளம்தான் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மேலும் அது உலையை ஓட்டுகிற வேலை, ஆராய்ச்சி குறைவு.

அடுத்து அணுசக்தித் துறையின் ஃபெலோஷிப். சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடத்தில் இரண்டு வருடம் எம்.டெக். படிக்கலாம். கட்டணத்தைத் துறை கட்டும், முடித்ததும் துறையிலேயே வேலை. ஆராய்ச்சியில் மனசு இருப்பவர்களுக்கு இது டிரெய்னிங் ஸ்கூலைவிடப் பொருத்தம். நேர்காணலைத் தாண்டுவதோடு ஐ.ஐ.டி. இடமும் தனியாக வாங்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

துறையின் துணை இல்லாமல் சொந்தமாக எம்.டெக். என்றால் நான் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சொல்வேன். அணுப் பொறியியலுக்கென்றே அங்கே பல காலமாகத் தனிப் பாடத்திட்டம் இருக்கிறது. கேட் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. திருவனந்தபுரத்தில் ராப்திசாகர் ஏறினால் வண்டி மாறாமல் கான்பூரில் இறங்கலாம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தனியார் எம்.டெக்.கை நான் சொல்லமாட்டேன். மார்த்தாண்டத்து நண்பன் ஒருவன் அப்படிச் சேர்ந்தான். ஆய்வகம் பேருக்குத்தான் இருந்தது, அணுமின் நிலையத்தை ஒரே ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். படித்துக்கொண்டே டிரெய்னிங் ஸ்கூல் தேர்வு எழுதியிருக்கலாம்தான். வகுப்பும் செமஸ்டரும் அவனை விடவில்லை. வெளியே வரும்போது வயது 25, கையில் கடன்.

2025 டிசம்பரில் தனியாரையும் இந்தத் துறைக்குள் விடும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின் திறன் என்று அந்த வருட பட்ஜெட்டிலேயே இலக்கு வைத்திருந்தார்கள். வேலை கொடுப்பவர்கள் கூடினால் என் வரிசை மாறலாம். ஆனால் அதை நம்பி இன்றைக்குக் கடன் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

வெளிநாட்டில் பிரான்சில் பாரிஸ்-சாக்லே, பிரிட்டனில் பர்மிங்ஹாம், அமெரிக்காவில் மிச்சிகன் என்று அருமையான இடங்கள் உண்டு. முழு உதவித்தொகையோ பிஎச்.டி. இடமோ கிடைத்தால் போகலாம். அமெரிக்க தேசிய ஆய்வகங்களில் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. கடனில் போகிறவர்களுக்கு அது பெரிய அடி.

எங்கள் தெருப் பெண்ணின் அம்மாவுக்குப் பயம் கதிரியக்கம். 2011-ல் கூடங்குளம் உலைகளை எதிர்த்து இடிந்தகரையில் போராட்டம் நடந்தபோது இந்தக் கடற்கரை முழுக்க அதே பேச்சுதான், அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். சவறைப் பக்கத்துக் கருநாகப்பள்ளியில் மணலின் இயற்கைக் கதிரியக்கத்துக்கு நடுவே வாழும் ஏறத்தாழ 70,000 பேரைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஆண்டுக்கணக்காகக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதை அம்மாவிடம் உட்கார்ந்து விளக்கினேன். பாதி சமாதானம் ஆனார்.

அவளுக்கு இப்போது 21. தெர்மோடைனமிக்ஸும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் பிடிக்கும் என்கிறாள். சரி, நேர்காணலுக்கு அந்த இரண்டையுமே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு வருடம் டிரெய்னிங் ஸ்கூலுக்கு முயற்சி, அதே கேட் மதிப்பெண்ணில் கான்பூருக்கும் ஒரு விண்ணப்பம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய கேட் தாள்களோடு வருகிறாள்.