துப்பாக்கியோடு ஒரு படை, வெறுங்கையோடு ஒரு படை

ஆப்பிரிக்காவில் கள்ளவேட்டையைத் தடுக்கும் பெண்கள் படை என்றதும் இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். தென்னாப்பிரிக்காவின் பிளாக் மாம்பா, ஜிம்பாப்வேயின் அகாஷிங்கா. வேலை ஒன்று, வழி நேர் எதிர்.

மாம்பாக்கள் 2013இல் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய பலுலே காட்டில் தொடங்கியவர்கள். கையில் துப்பாக்கி கிடையாது. விடியற்காலையில் வேலியோரம் நடப்பார்கள். கம்பி அறுபட்டிருக்கிறதா, மண்ணில் புதுச் செருப்புத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புதருக்குள் விலங்கின் கழுத்து உயரத்தில் தொங்கும் கம்பிச் சுருக்கைக் கண்டால் அவிழ்த்து எடுத்து வருவார்கள். ஆபத்தான ஆள் தென்பட்டால் ஆயுதம் ஏந்திய காவலர்களுக்கு ரேடியோவில் தகவல் போகும். அப்புறம் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டைப் பற்றிப் பேசுவதும் இவர்கள் ஏற்பாடுதான். 2015இல் ஐ.நா. சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

அகாஷிங்கா 2017இல், வேட்டைச் சுற்றுலாவுக்கு விடப்பட்டிருந்த புண்டுண்டு பகுதியில் பிறந்தது. ஷோனா மொழியில் 'துணிந்தவர்கள்' என்று பொருள். தொடங்கியவர் முன்னாள் ஆஸ்திரேலிய ராணுவ வீரர் டேமியன் மாண்டர், அதனால் பயிற்சியும் ராணுவ பாணிதான். கையில் ரைஃபிள். குடும்ப வன்முறையில் தப்பியவர்கள், கைவிடப்பட்ட தாய்மார்கள் என்று தேடிச் சேர்த்தார்கள். சாப்பாட்டில் இறைச்சியோ பாலோ இல்லை. (இது கொஞ்சம் விசித்திரம்தான்!)

காண்டாமிருகக் கொம்புக்காகத் துப்பாக்கியோடு வருகிறவனிடம் வெறுங்கை எடுபடாது, சரி. ஆனால் சுருக்கு வைப்பவன் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரன். அங்கே எனக்கு மாம்பா வழிதான் பிடிக்கிறது. அவனுடைய பிள்ளைக்கே வகுப்பு எடுக்கிறார்களே!