நீரூற்றா, மரங்களா: ஆறு வருடம் கழித்து ஒரு கணக்கு

எங்கள் குடியிருப்பின் நடுவே ஒரு காலியிடம் கிடந்தது. அதை என்ன செய்யலாம் என்று முடிவெடுத்த குழுவில் நானும் இருந்தேன். மாதக்கணக்கில் பேசியபின் மூன்று யோசனைகள் மிஞ்சின: விளக்கு போட்ட நீரூற்று, புல்தரை, நடுவில் மழைநீர் இறங்கும் பள்ளத்தோடு நிழல் மரங்கள். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன், எனவே இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

புல்தரையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குழந்தைகள் ஓட அதைப் போல வேறில்லை. ஆனால் உச்சிவெயிலில் யாரும் கால் வைக்க மாட்டார்கள், தண்ணீரும் வெட்டும் வேலையும் நிற்கவே நிற்காது.

நீரூற்றுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். திறந்த அன்றே முழு அழகோடு நிற்கும். மரத்துக்கு அந்தப் பேச்சே இல்லை, நட்ட அன்று அது வெறும் குச்சி. சாலை இரைச்சல் குறையாவிட்டாலும் நீரின் ஓசை அதைக் காதிலிருந்து மறைத்துவிடும். நாலு மரம் வைத்து அந்த வேலையைச் செய்ய முடியாது, அடர்ந்த தோப்பே வேண்டும்.

குளிர்ச்சி விஷயத்தில்தான் நீரூற்றை நாம் கொஞ்சம் அதிகமாக நம்புகிறோம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாவதே மந்தம், பக்கத்தில் உட்கார்ந்தால் புழுக்கம்தான் கூடும். தேங்கிய நீர் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். மரமும் இலை வழியே நீரை ஆவியாக்குகிறது, ஆனால் அதற்கு முன்பே வெயிலைத் தடுத்துவிடுகிறது. நிழல் விழும் தரையோ சுவரோ வெயிலில் கிடப்பதைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கலாம். வெளியே நடப்பவருக்கு அதுதான் உடம்பில் தெரியும் வித்தியாசம்.

இறங்கி வராதவர்களுக்கும் மரத்தால் பலன் உண்டு. ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப்பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக் கிடந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வலுவான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 46 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. அதற்குரிய அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, என்னை முடிவுக்குத் தள்ளியது இவை எதுவும் இல்லை, பராமரிப்புதான். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு மாதம் யாரும் எட்டிப்பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி.

எங்கள் வாசலில் முன்பே ஒரு சின்ன நீரூற்று இருந்தது. முதல் வருடம் பிரமாதம். அப்புறம் உப்புப் படிந்து குழாய் முனைகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. பம்ப் எரிந்தது. அதை மாற்ற யார் ஆளைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. கொசு முட்டையிட்டுப் பறக்க 7 முதல் 10 நாள் போதும், எங்கள் பேச்சோ ஐந்து வாரம் ஓடியது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தாலும் கவலை விடாது. நிமோனியா காய்ச்சலை உண்டாக்கும் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிரி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் பெருகும், நுரையீரலுக்குள் போக அதற்குச் சாரலே வாகனம். சுத்திகரிப்பைத் தள்ளிப்போடவே கூடாது. கடைசியில் நீரை வடித்துவிட்டோம், தொட்டி குப்பைக்கூடையானது.

பெரிய அளவிலும் கதை இதுதான். மேம்பாலத்தை இடித்து 2005இல் சியோல் நகரம் மீட்டெடுத்த சியோங்கியேசான் ஓடை 5.8 கிலோமீட்டர் நீளம். போனவர்கள் எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இறைப்பது. மாநகராட்சியால் அது முடிகிறது. நம் சங்கத்தால்?

மரத்துக்கு உழைப்பு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. முதல் மூன்று கோடை விடாமல் நீர் ஊற்றினோம், முட்டுக்கம்பு கட்டினோம், ஈரம் காயாமல் அடிமண்ணைச் சருகால் மூடி மூடாக்கு போட்டோம். அப்படியும் இரண்டு கன்று போயிற்று. இப்போது வருடம் ஒரு கவாத்து, சருகு கூட்டுவது, அவ்வளவுதான். ஒரு மாதம் மறந்தால் சருகு சேரும். யாருக்கும் காய்ச்சல் வராது.

பள்ளத்தில் தவறு செய்தோம். மழைநீர் இரண்டு நாளுக்குள் மண்ணில் இறங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. முதல் பெருமழையில் ஒரு மூலையில் நாலு நாள் நின்றது. தோண்டிச் சரளையும் பருமணலும் போட்டபின் சரியானது. களிமண்ணாக இருந்தால் இது பலிக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அடியில் வாகன நிறுத்துமிடம் இருக்கிறவர்கள் பொறியாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள். இதன் மூலக்கருத்தைப் பெரிதாகப் பார்க்க சிங்கப்பூரின் பீஷான் பூங்கா இருக்கிறது. அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் வாய்க்காலை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை நாளில் வெள்ளம் பரவும் இடமே மற்ற நாளில் நடக்கும் இடம்.

மீனும் தாமரையுமாக நிரந்தரக் குளம் வைத்து எனக்குப் பழக்கமில்லை, வைத்தவர்கள் சொல்லட்டும். வேர்கள் பாதைக்கல்லைத் தூக்குமா என்பதற்கும் ஆறு வருடம் போதாத காலம். ஏற்கெனவே ஏரியோ ஓடையோ உள்ள இடத்துக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது, அங்கே இருப்பதைத் தூர்க்காமல் விடுவதுதான் முதல் வேலை.

நீரூற்றுதான் வேண்டும் என்றால் சிறியதாக, உட்காரும் இடத்தை ஒட்டி வையுங்கள். முழுதும் வடியும்படி அடித்தளத்தைச் சரிவாகக் கட்டுங்கள். கட்டும் முன்பே ஒருவர் பெயரைப் பொறுப்பில் எழுதிவிடுங்கள். எங்கள் பழைய தொட்டியை உடைக்க மனமில்லாமல் அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, அதிலும் ஒரு கன்று வைத்தோம். மற்றவை முதல் மாடியைத் தொட்டுவிட்டன. அது மட்டும் இன்னும் என் தோள் உயரம்தான், வேர் ஓட இடம் போதவில்லை போலிருக்கிறது.